ஜூரி டியூட்டிக்குப் போகிறீர்களா? சட்டத்தைவிட மனசைக் கவனியுங்கள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய சில மாதங்களிலோ வருடங்களிலோ ஒரு நாள் தபால் பெட்டியில் அந்தக் கடிதம் கிடக்கும். நீதிமன்றத்திலிருந்து சம்மன். கோர்ட்டுப் படி ஏறாமல் இருப்பதே கௌரவம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த வார்த்தையைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். பிரித்துப் பார்த்தால் உங்கள் மேல் வழக்கு எதுவும் இருக்காது. வேறு யாரோ ஒருவருடைய வழக்கில் தீர்ப்புச் சொல்ல வா என்கிறார்கள்.

இப்படி வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுதான் ஜூரி. நம்மில் பலருக்கு அது சினிமாவில் பார்த்ததோடு சரி. இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கான ஜூரி முறை 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துபோனது. தாத்தா தலைமுறைக்கு அது தெரிந்த விஷயம். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் தியாகராஜ பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் 1945-ல் குற்றவாளிகள் என்று சொன்னது ஒரு ஜூரிதான். 1947-ல் மேல்முறையீட்டில் இருவரும் விடுதலையானார்கள்.

என்னை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு முறை காத்திருக்கும் அறையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை கடைசிவரை உட்கார்ந்தேன். அந்த வழக்கைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. போவதற்கு முன்னால் யாராவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியவற்றை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: சம்மனைப் பிரித்ததும்

நீங்கள் தகுதியுள்ளவரா என்று முதலில் பாருங்கள். கூட்டாட்சி நீதிமன்றத்து ஜூரியில் உட்கார அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அந்த நீதிமன்ற எல்லைக்குள் ஒரு வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும், ஆங்கிலம் போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும். மாநில நீதிமன்றங்களின் விதிகள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தும், பல இடங்களில் ஓட்டுநர் உரிமப் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதனால் கிரீன் கார்டிலோ எச்1பி விசாவிலோ இருப்பவருக்கும் சம்மன் வரலாம். வந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். 'குடிமகன் அல்ல' என்ற கட்டத்தில் குறியிட்டுத் திருப்பி அனுப்புங்கள், அவ்வளவுதான். அவசரத்தில்கூடக் 'குடிமகன்' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட வேண்டாம். இல்லாத குடியுரிமையைக் கோரியதாக ஆகிவிட்டால், பின்னால் குடியேற்ற விண்ணப்பத்தையே அது கவிழ்த்துவிடும்.

தேதி ஒத்துவரவில்லை என்றால் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம். முதல் முறை கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு நாளைக்கு 50 டாலர் கொடுக்கிறார்கள். பல மாநிலங்களில் அதைவிடக் குறைவு. கலிபோர்னியாவின் பொது விதிப்படி இரண்டாம் நாளிலிருந்து 15 டாலர். ஜூரி டியூட்டிக்குப் போனதற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. சம்பளம் கிடைக்குமா என்பது வேறு கேள்வி, அதை முன்கூட்டியே உங்கள் ஹெச்.ஆரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: காத்திருக்கும் அறை

முந்தின நாள் மாலை, உங்கள் குழு எண்ணை வரச் சொல்கிறார்களா என்று இணையத்திலோ தொலைபேசியிலோ பாருங்கள். போனால் நாள் முழுக்கச் சும்மா உட்கார நேரலாம். ஒரு புத்தகம் கொண்டு போங்கள், சில நீதிமன்றங்களில் போனை உள்ளே விடுவதில்லை.

மூன்றாம் படி: தேர்வு என்ற பெயரில் நடக்கும் கழித்தல்

இதற்கு வ்வார் டீர் என்று ஒரு பழைய பிரெஞ்சுப் பெயர். இருபது முப்பது பேரையோ இன்னும் கூடுதலாகவோ கோர்ட் அறைக்குள் கூட்டிப்போய், உண்மை சொல்வதாகச் சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பார்கள். ஜூரித் தேர்வு என்று சொல்கிறோமே தவிர, யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை. இரண்டு தரப்பும் தங்களுக்கு ஆகாதவர்களைக் கழிப்பார்கள். கழித்தது போக மிஞ்சுகிறவர்கள்தான் ஜூரி.

கழிப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, காரணம் காட்டிக் கழிப்பது: குற்றம் சாட்டப்பட்டவர் உங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அல்லது போலீஸ்காரர் சொன்னால் அப்படியே நம்புவேன் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள் என்பது போல. இதற்கு எண்ணிக்கை வரம்பு கிடையாது, நீதிபதி ஒப்புக்கொண்டால் போதும். இன்னொன்று, காரணமே சொல்லாமல் கழிப்பது. இதற்கு வரம்பு உண்டு. கூட்டாட்சி நீதிமன்றத்தில் பெரிய குற்ற வழக்கு என்றால் அரசுத் தரப்புக்கு 6, குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்கு 10. மரண தண்டனை வழக்கில் இரு தரப்புக்கும் 20.

இந்த இரண்டாவது வழியில்தான் வழக்கறிஞர்களின் மனக்கணக்கு வெளியே தெரியும். புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ 1936-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில், ஐரிஷ்காரரை விட்டுவிடாதே, பிரெஸ்பிட்டேரியன் சபைக் கிறிஸ்தவர் வந்தால் அனுப்பிவிடு என்கிற பாணியில் சாதி சனம் பார்த்துப் பெண் எடுப்பதுபோல யோசனை சொல்லியிருக்கிறார். 1972-ல் பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்க் நகரில், வியட்நாம் போரை எதிர்த்த ஏழு பேர் மீதான வழக்கில் சமூகவியலாளர் ஜே ஷுல்மனும் அவருடைய சகாக்களும் இதை ஆராய்ச்சியாகவே செய்தார்கள். ஊர் மக்களிடம் கருத்துக்கணிப்பு நடத்தி, எப்படிப்பட்டவர்கள் தங்கள் தரப்புக்குச் சாய்வார்கள் என்று கணக்குப் போட்டார்கள். முக்கியக் குற்றச்சாட்டுகளில் ஜூரி 10-க்கு 2 என்று விடுதலைப் பக்கம் சாய்ந்து, முடிவுக்கு வராமலேயே கலைந்தது. ஜூரி ஆலோசகர் என்று ஒரு தொழில் அதற்குப் பிறகு வளர்ந்துவிட்டது.

இது உண்மையில் வேலை செய்கிறதா? எனக்கு நம்பிக்கையில்லை. ஹான்ஸ் ஸைசலும் ஷாரி டயமண்டும் 1978-ல் வெளியிட்ட ஆய்வில் அழகான ஒரு காரியம் செய்தார்கள். சிகாகோ கூட்டாட்சி நீதிமன்றத்தின் 12 வழக்குகளில், கழிக்கப்பட்டவர்களை அப்படியே உட்காரவைத்து வழக்கைக் கேட்கச் சொல்லி, நீங்களாக இருந்தால் என்ன முடிவு சொல்வீர்கள் என்று கேட்டார்கள். சில வழக்குகளில் வழக்கறிஞர்களின் கணிப்பு பலித்தது, சிலவற்றில் சொந்தக் கட்சிக்கே குழி பறித்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே சொல்கின்றன. வயது, தொழில், பாலினம் ஆகியவற்றை வைத்துத் தீர்ப்பைக் கணிப்பது கடினம். சாட்சியத்தின் வலுதான் எல்லாவற்றையும்விட அதிகம் பேசுகிறது.

காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதைப் பயன்படுத்திக் கறுப்பினத்தவரை வரிசையாக நீக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1986-ல் பேட்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இனத்தைப் பார்த்து நீக்கக் கூடாது என்றது. 1994-ல் பாலினத்துக்கும் அது பொருந்தும் என்றது. ஆனால் 'அவர் என்னை முறைத்தார்' என்று ஏதாவது ஒரு காரணத்தைச் சொல்லித் தப்பிக்க முடியும் என்பதால், 2022 ஜனவரியிலிருந்து அரிசோனா காரணம் சொல்லாமல் நீக்கும் வழியையே எடுத்துவிட்டது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், உங்களைக் கழித்துவிட்டால் மனம் வருந்த வேண்டியதில்லை. நீங்கள் என்ன பேசினீர்கள் என்பதைவிட, அந்த வழக்கறிஞர் மனதில் இருந்த ஏதோ ஒரு கணக்குதான் உங்களை வெளியே அனுப்பியிருக்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 'நடுநிலையாக இருக்க முடியுமா?' என்று கேட்பார்கள். எல்லோரும் முடியும் என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்கிறார்கள் என்றில்லை. அடுத்தவரின் சாய்வு நமக்குப் பளிச்சென்று தெரியும், நம் சாய்வு மட்டும் நமக்கு 'உலக அனுபவம்' போலத் தெரியும். போதாக்குறைக்கு நீதிபதி உயரத்தில் உட்கார்ந்து கேட்கிறார், பக்கத்தில் இருபது பேர் பார்க்கிறார்கள். வாய் தானாக 'எஸ்' என்றுவிடும்.

ஆகவே கேள்வியைச் சொந்த அனுபவத்தின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். இந்த மாதிரி விஷயம் எனக்கோ என் வீட்டிலோ நடந்திருக்கிறதா? நடந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். மச்சான் மேல் குடித்துவிட்டு வந்தவன் காரை ஏற்றினான், குடித்து ஓட்டிய வழக்கு என்றாலே எனக்குக் கோபம் வரும் என்று சொல்வதில் வெட்கமில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லக் கூசினால், தனியாகச் சொல்கிறேன் என்று நீதிபதியிடம் கேட்கலாம். ஆங்கிலம் பேசும் விதத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், உச்சரிப்புக்காக யாரும் மார்க் போடுவதில்லை. ஆனால் வேகமான பேச்சு உண்மையிலேயே புரியவில்லை என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். ஒருவருடைய பத்து வருட வாழ்க்கை அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டிருக்கலாம்.

தப்பிப்பதற்காக முரட்டுத்தனமான கருத்தைச் சொல்லிவிடு என்று நண்பர்கள் சிரித்துக்கொண்டே யோசனை சொல்வார்கள். நீங்கள் சத்தியம் செய்துவிட்டுப் பேசுகிறீர்கள் என்பது அவர்களுக்கு மறந்திருக்கும்.

நான்காம் படி: வழக்கு நடக்கும்போது கதை கட்டாதீர்கள்

எல்லாச் சாட்சியத்தையும் கேட்டுச் சேர்த்துவைத்து, கடைசியில் தராசில் போட்டு நிறுப்போம் என்றுதான் நம்மைப் பற்றி நாம் நினைக்கிறோம். மனசு அப்படி வேலை செய்வதில்லை. முதல் மணி நேரத்திலேயே ஒரு கதையைக் கட்டிவிடும். யார் நல்லவன், யாருக்கு யார்மேல் கோபம், எதனால் இப்படி நடந்தது என்று. அப்புறம் வருகிற சாட்சியமெல்லாம் அந்தக் கதைக்குள் இடம் தேடும். பொருந்தாதது மறந்துபோகும்.

நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் எண்பதுகளில் இதைச் சோதித்தார்கள். ஒரே கொலை வழக்கு, ஒரே சாட்சியங்கள், வரிசை மட்டும் வேறு. அரசுத் தரப்புச் சாட்சியங்கள் நடந்தது நடந்தபடி கதைபோல வந்து, எதிர்த்தரப்பினுடையது சாட்சிக்குச் சாட்சி துண்டு துண்டாக வந்தபோது 78 சதவீதம் பேர் குற்றவாளி என்றார்கள். அதையே தலைகீழாக மாற்றிக் கொடுத்தபோது 31 சதவீதம். உண்மை அப்படியேதான் இருந்தது, சொன்ன வரிசைதான் மாறியது. நல்ல வழக்கறிஞர்கள் இதைத் தெரிந்துவைத்துத்தான் தொடக்க உரையையே கதையாகச் சொல்கிறார்கள்.

இதற்கு நான் கண்ட கைமருந்து ஒன்று உண்டு. குறிப்பெடுக்கப் பல நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. தாளின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் சாட்சி சொன்னதை மட்டும் எழுதுங்கள். வலப்பக்கம் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். இரண்டாம் நாள் புரட்டிப் பார்த்தால், யாருமே சொல்லாத எத்தனை விஷயங்களை நீங்களாகவே நடந்ததாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது வலப்பக்கத்தில் தெரியும். எனக்குத் தெரிந்தபோது காது சூடானது. ஒரு மனிதர் எதற்காக அந்த நேரத்தில் அங்கே போனார் என்பதற்கு நான் ஒரு காரணமே கற்பித்துவைத்திருந்தேன். எந்தச் சாட்சியும் அதைச் சொல்லவில்லை.

'இதை ஜூரி கணக்கில் எடுக்கக் கூடாது' என்று நீதிபதி நடுவில் சொல்லும் தருணங்கள் வரும். காதில் விழுந்ததை எப்படி விழாததாக்குவது? வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்காதே என்றால் வெள்ளைக் கரடிதான் வரும் என்பதை டேனியல் வெக்னர் 1987-ல் சோதனையாகவே காட்டினார். மறக்க முயலாதீர்கள், அது நடக்காது. அதற்குப் பதில், முடிவெடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த ஒரு துண்டை எடுத்துவிட்டால் என் முடிவு நிற்குமா? நிற்கவில்லை என்றால், எடுக்கக் கூடாததைத்தான் எடுத்திருக்கிறீர்கள்.

வீட்டுக்குப் போய் வழக்கைப் பற்றிக் கூகுள் செய்யக் கூடாது, சம்பவ இடத்தைப் போய்ப் பார்க்கக் கூடாது, கணவனிடமோ மனைவியிடமோ கூடப் பேசக் கூடாது. மிகவும் கஷ்டமானது இந்தக் கடைசி விதிதான்.

ஐந்தாம் படி: சாட்சியை எடைபோடும்போது

'முகத்தைப் பார்த்தாலே பொய் சொல்கிறான் என்று தெரிந்துவிடும்' என்று அடிக்கடி கேட்கிறோம். தெரியாது. இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்து பாண்டும் டிபாலோவும் 2006-ல் பார்த்தபோது, பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தது சராசரியாக 54 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். கண்ணைப் பார்த்துப் பேசாதவர் எதையோ மறைக்கிறார் என்று இங்கே பலர் நினைப்பார்கள். பெரியவர்கள் முன்னால் தலைகுனிந்து பேசி வளர்ந்த உங்களுக்கு அது அப்படியல்ல என்று தெரியும். அறைக்குள் அதைச் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள்.

நேரில் கண்ட சாட்சி இன்னும் ஆபத்து. வேண்டுமென்று பொய் சொல்வதால் அல்ல, உண்மையாகவே நம்பிச் சொல்வதால். எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் கார் விபத்துப் படங்களைக் காட்டி வேகம் என்ன என்று கேட்டார்கள். கார்கள் 'தொட்டபோது' என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த சராசரி விடை மணிக்கு 32 மைல் அளவில் இருந்தது. 'நொறுங்க மோதியபோது' என்று கேட்டவர்களுக்கு 41 அளவில். கேள்வியில் ஒரு சொல் மாறியதும் நினைவும் மாறிவிட்டது. பின்னாளில் டி.என்.ஏ. பரிசோதனையால் குற்றமற்றவர்கள் என்று தெரியவந்தவர்களின் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் யாரோ ஒருவர் 'இவன்தான்' என்று தவறாகக் கைகாட்டியிருக்கிறார்.

எனவே, சாட்சி கூண்டில் எவ்வளவு உறுதியாகப் பேசுகிறார் என்பதை விடுங்கள். போலீஸ் முதன்முதலில் கேட்டபோது எவ்வளவு உறுதியாகச் சொன்னார்? வெளிச்சம் எப்படி, எவ்வளவு நேரம் பார்த்தார், எத்தனை அடி தள்ளி நின்றார்? இடப்பக்கக் குறிப்பில் இவை இருக்கட்டும்.

ஆறாம் படி: கதவு சாத்தியபின்

உள்ளே என்ன நடக்கிறது என்பது வெளியே யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு முறை முயன்றார்கள். 1954-ல் கான்ஸஸ் மாநிலத்து விச்சிட்டாவில், சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீதிபதியின் அனுமதியோடு, ஜூரிக்குத் தெரியாமல் சில குழுக்களின் பேச்சைப் பதிவு செய்தார்கள். விஷயம் அடுத்த வருடம் வெளியே வந்து பெரிய களேபரமாகி, 1956-ல் நாடாளுமன்றம் அப்படிப் பதிவு செய்வதையே கூட்டாட்சிச் சட்டத்தில் குற்றமாக்கியது. பல ஆண்டுகள் கழித்து அரிசோனாவில் 50 சிவில் வழக்குகளின் விவாதங்களை, எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வீடியோ எடுத்தார்கள். இப்படிச் சிலதைத் தவிர்த்தால், நமக்குத் தெரிந்ததெல்லாம் போலி ஜூரிகளை உட்காரவைத்துச் செய்த சோதனைகளும், முடிந்தபின் எடுத்த பேட்டிகளும்தான்.

முதலில் ஃபோர்பெர்சன் என்ற குழுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். சில இடங்களில் நீதிபதியே நியமிப்பார். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். 1961-ல் ஸ்ட்ராட்பெக்கும் ஹூக்கும் கவனித்தது: நீள மேஜையின் இரு முனைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கல்யாண வீட்டில் முதலில் எழுந்து நின்று ஏற்பாடு பேசுபவர் எப்படிப் பெரியவராகி விடுகிறாரோ, அப்படித்தான். முனையில் உட்கார்ந்தவர்தான் சரியான ஆளா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். அதிகம் பேசுகிறவரைவிட, அடுத்தவரைப் பேசவைக்கிறவர் நல்ல தலைவர்.

இப்போது நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமான விஷயம். யாராவது ஒருவர், 'சரி, எல்லோரும் எந்தப் பக்கம் என்று கை தூக்கிப் பார்த்துவிடலாமே' என்பார். நியாயமாகத்தான் படும். சம்மதிக்காதீர்கள்.

ஹாரி கேல்வனும் ஹான்ஸ் ஸைசலும் ஐம்பதுகளின் வழக்குகளைத் திரட்டி 1966-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில், முதல் வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் பெரும்பான்மை இருந்ததோ அந்தப் பக்கமே பத்துக்கு ஒன்பது வழக்குகளில் கடைசித் தீர்ப்பாக வந்தது. அதற்குச் சாட்சியத்தின் வலுவே காரணம் என்றும் சொல்லலாம், பாதி உண்மை. ஆனால் இன்னொரு பாதி இருக்கிறது. கை தூக்கியவுடன் மனிதர்கள் இரண்டு கட்சியாகிவிடுகிறார்கள். அதுவரை 'எனக்கு இன்னும் தெரியவில்லை' என்று இருந்தவர், தூக்கிய கைக்குக் காரணம் தேட ஆரம்பிக்கிறார்.

ஹேஸ்டி, பென்ராட், பென்னிங்டன் மூவரும் 1983-ல் வெளியிட்ட ஆய்வில் போலி ஜூரிகள் இரண்டு விதமாக வேலை செய்ததைப் பார்த்தார்கள். சில குழுக்கள் எடுத்தவுடன் வாக்கெடுத்து, தங்கள் கட்சிக்குச் சாதகமான சாட்சியத்தை மட்டும் எடுத்து வீசின. சில குழுக்கள் வாக்கைத் தள்ளிப்போட்டு, என்ன நடந்தது என்பதையே முதலில் பேசின. இரண்டாவது வகையில் பேச்சு ஆழமாகப் போனது.

அதனால் கதவு சாத்தியதும் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "வாக்கெடுப்பு அப்புறம். முதலில் நீதிபதி கொடுத்த அறிவுரைகளை ஒருவர் சத்தமாகப் படிக்கட்டும்." குற்றச்சாட்டு ஒவ்வொன்றும் மூன்று நான்கு கூறுகளால் ஆனது. அவை எல்லாமே நிரூபணமானால்தான் குற்றம். அந்தக் கூறுகளைப் பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்தச் சாட்சியம் இருக்கிறது என்று பேசுங்கள். அப்புறம் ஒரு சுற்று, மேஜையைச் சுற்றி ஒவ்வொருவரும் தன்னை உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லட்டும், தீர்ப்பைச் சொல்ல வேண்டாம். வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரிடம்தான் அடிக்கடி அந்த நல்ல விஷயம் இருக்கும். கடைசியில் வாக்கெடுக்கும்போதும் கையைத் தூக்காமல் சீட்டில் எழுதுங்கள்.

நாம் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள், இந்த ஊர்ப் பேச்சு நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கி உட்காரும் ஆசை வரும். சாமுவேல் சாமர்ஸ் 2006-ல் வெளியிட்ட போலி ஜூரிச் சோதனையில், வெள்ளையரும் கறுப்பினத்தவரும் கலந்த குழுக்கள் வெள்ளையர் மட்டுமே இருந்த குழுக்களைவிட அதிக நேரம் பேசின, அதிக உண்மைகளை எடுத்துவைத்தன, தவறாகச் சொன்னவை குறைவு. இதில் சுவாரசியம் என்னவென்றால், கலந்த குழுவில் இருந்த வெள்ளையர்களே கூடுதல் கவனமாகப் பேசினார்கள். வேறு மாதிரி ஆள் ஒருவர் மேஜையில் இருப்பதே மற்றவர்களை யோசித்துப் பேசவைக்கிறது.

சாட்சியத்தில் சந்தேகம் வந்தால், எழுதிக் கொடுத்து நீதிபதியிடம் கேட்கலாம். ஒரு சாட்சி சொன்னதை மறுபடி படித்துக்காட்டச் சொல்லியும் கேட்கலாம். பலர் இதைக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள்.

ஏழாம் படி: நீங்கள் ஒற்றை ஆளானால்

பதினொரு பேர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம். மணி நான்கு. ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் பெருமூச்சு விடுகிறார். கத்துகிறவரைக்கூடத் தாங்கிவிடலாம், இந்தப் பெருமூச்சைத் தாங்குவதுதான் கஷ்டம்.

சாலமன் ஆஷ் ஐம்பதுகளில் செய்த சோதனையை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கோடு நீளம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும் கேள்வி. கூட இருந்தவர்கள் ஏற்பாட்டின்படி ஒருமுகமாகத் தவறான விடையைச் சொன்னபோது, சோதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது தங்கள் கண்ணை நம்பாமல் கூட்டத்தோடு போனார்கள். ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், அந்தப் பலவீனம் பெருமளவு போய்விட்டது. ஜூரி அறையிலும் இதே கணக்குத்தான். தனி ஒருவராகத் தொடங்கிக் கடைசிவரை நின்றவர்கள் மிக அரிது. கூட இரண்டு மூன்று பேர் இருந்தால்தான் நிற்க முடிகிறது.

மனம் மாறுவது தப்பில்லை, அதற்குத்தான் உட்கார்ந்து பேசுகிறீர்கள். ஆனால் மாறியது எதனால் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் உங்களுக்கு இருந்த சந்தேகத்தை ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். கட்சி மாறுவதற்கு முன் அதை எடுத்துப் படியுங்கள். அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா? சொல்லியிருந்தால் மாறுங்கள். பதில் வராமலேயே நீங்கள் மாறத் தயாராகிவிட்டீர்கள் என்றால், அசந்துபோய்விட்டீர்கள். இடைவேளை கேளுங்கள், எழுந்து போய்த் தண்ணீர் குடியுங்கள்.

நீங்கள் அந்தப் பதினொருவரில் ஒருவரானால், அந்த ஒற்றை ஆளிடம் 'ஏன் பிடிவாதம்?' என்று கேட்காதீர்கள். 'உங்களை எது உறுத்துகிறது?' என்று கேளுங்கள்.

அந்த ஒருவருக்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. லூசியானாவிலும் ஆரிகனிலும் நெடுங்காலம் 12-ல் 10 பேர் ஒத்துக்கொண்டாலே தண்டிக்க முடிந்தது. எல்லோரும் ஒத்துக்கொள்ளத் தேவையில்லை என்ற விதி லூசியானாவில் 1898-ல், கறுப்பின ஜூரர்களின் வாக்கைச் செல்லாக்காசாக்கும் காலத்தில் வந்தது. 2020-ல் ராமோஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், கடுமையான குற்ற வழக்கில் தண்டிக்க எல்லோரும் ஒருமுகமாக இருக்க வேண்டும் என்றது. பெரும்பான்மை போதும் என்ற விதி இருக்கும் இடத்தில், வேண்டிய எண்ணிக்கை கிடைத்ததும் மிச்சம் இருப்பவர்களின் பேச்சு அடங்கிவிடுகிறது என்பதைப் போலி ஜூரிச் சோதனைகளும் காட்டியிருக்கின்றன.

முடிவுக்கு வர முடியவில்லை என்று எழுதி அனுப்பினால், நீதிபதி கூப்பிட்டு, இன்னும் முயலுங்கள், அடுத்தவர் சொல்வதைக் கேளுங்கள் என்று ஒரு அறிவுரை சொல்லலாம். 1896-ன் ஆலன் வழக்கிலிருந்து வந்தது அது. வெடி வைப்பது போன்றது என்பதால் வழக்கறிஞர்கள் அதை டைனமைட் என்றே செல்லமாகக் கூப்பிடுவார்கள். உங்களைப் பார்த்துச் சொல்வதுபோலவே இருக்கும். நேர்மையாக நம்புவதை விட்டுக்கொடுக்கச் சொல்லி அதில் எதுவும் இருக்காது, கவனித்துக் கேளுங்கள்.

இன்னொன்று. அறைக்குள் யாராவது 'அந்த இனத்துக்காரர்கள் இப்படித்தான்' என்று பேசித் தீர்ப்பைத் தள்ளினால், பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. விவாதம் நடக்கும்போதே நீதிபதிக்கு எழுதுங்கள். ஜூரி அறைப் பேச்சை வைத்துத் தீர்ப்பைக் கேள்வி கேட்கப் பொதுவாக அனுமதி கிடையாது. ஆனால் வெளிப்படையான இனவெறிக்கு 2017-ல் பெனா ரோட்ரிகஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிவிலக்குக் கொடுத்தது.

பணம் கேட்கும் வழக்கானால்

குற்ற வழக்கில் உள்ள 'சந்தேகத்துக்கு இடமின்றி' என்ற அளவுகோல் சிவில் வழக்கில் கிடையாது. எந்தப் பக்கம் சற்றே கனம் என்று பார்த்தால் போதும். மனசுக்குப் பொறி வைத்திருப்பது தொகையில். வழக்கறிஞர் வாயிலிருந்து ஒரு பெரிய எண் விழுந்துவிட்டால், அதிலிருந்து குறைத்துக் குறைத்துத்தான் பேசுவீர்கள், தொடக்கமே தப்பாக இருந்தாலும். இன்னொரு விசித்திரம்: தண்டனையாக விதிக்கும் தொகையைத் தனித்தனியே எழுதச் சொல்லி, பிறகு கூடிப் பேசச் சொன்னால், குழுவின் தொகை நடுவில் நிற்காமல் மேலே ஏறிவிடும் என்று சங்ஸ்டைனும் கானமனும் ஷ்கேடும் 2000-ல் காட்டினார்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எண்ணை நீங்களே தனியாகக் கணக்குப் போட்டு எழுதிவைத்த பிறகு பேசத் தொடங்குங்கள்.

கடைசிப் படி: தீர்ப்பு வாசிக்கும்போது

மறுபடி கோர்ட் அறைக்குள் வந்து அதே நாற்காலிகளில் உட்காருவீர்கள். தீர்ப்பை வாசித்ததும் சில வழக்குகளில் ஒரு தரப்பு, ஜூரியை ஒவ்வொருவராகக் கேளுங்கள் என்று சொல்லும். அப்போது உங்கள் எண்ணைச் சொல்லி, இது உங்கள் தீர்ப்புதானா என்று கேட்பார்கள். ஒரே சொல்லில் பதில் சொல்ல வேண்டும். நான்கு மணிக்கு அசதியில் தலையாட்டியவருக்கும் அந்தக் கேள்வி வரும். ஒருவர் 'இல்லை' என்றாலும் நீதிபதி எல்லோரையும் திரும்ப அறைக்கு அனுப்பலாம், அல்லது விசாரணையையே செல்லாது என்று அறிவிக்கலாம்.

அது முடிந்ததும் வெளியே வந்து பேசுவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் உங்கள் விருப்பம். வழக்கறிஞர்கள் வாசலில் நின்று கேட்பார்கள், மறுத்துவிடலாம். கோரமான படங்களைப் பார்க்க நேர்ந்த வழக்கானால் தூக்கம் கெடும். சில நீதிமன்றங்கள் அதற்கு ஆலோசனை உதவி தருகின்றன, கேட்டுப் பாருங்கள். அலுவலகத்துக்குக் காட்ட வருகைச் சான்றைக் கீழே கவுண்டரில் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.